நாய், பூனைகளின் கண்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய், பூனை வளர்ப்பவர்கள் கண் விஷயத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், சிறு பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கிறவன் என்ற முறையில் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பாதிக் கேள்விகள் "எந்தச் சொட்டு மருந்து விடலாம்?" என்பதில்தான் வந்து நிற்கும். அதற்கு என் பதில் கேட்பவருக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும்: கண்ணைப் பரிசோதிக்காமல் எதையும் விடாதீர்கள். ஏன் இப்படி அடம்பிடிக்கிறேன் என்பது படிக்கப் படிக்கப் புரியும்.

எப்போது உடனே ஓடி வர வேண்டும்? எதற்கு நாளை வரை பொறுக்கலாம்?

முதலில் பார்க்க வேண்டியது வலி. கண் வலிக்காக நாய் கத்துவது அபூர்வம். கண்ணைச் சுருக்கிக்கொள்ளும், வெளிச்சம் பிடிக்காமல் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுக்கும், முகத்தைப் பாயில் தேய்க்கும், சோற்றைப் பாதியில் விட்டுவிட்டுப் போகும். பூனை இன்னும் கெட்டி, ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான். ஒரு கண்ணை மட்டும் இறுக்கி மூடியிருந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். ராத்திரி பத்து மணி ஆனாலும் சரி.

கருவிழி திடீரென்று நீலமாகவோ வெள்ளையாகவோ மாறுவது, ஒரு கண் மற்றதைவிடப் பெரிதாகத் தெரிவது, கண்ணுக்குள் ரத்தம், நேற்றுவரை நன்றாக நடந்த நாய் இன்று சுவரில் முட்டுவது, இவை எல்லாமே அவசரம். சுண்ணாம்பு, பினாயில், பட்டாசு மருந்து கண்ணில் பட்டிருந்தால் கிளம்புவதற்கு முன்பே கழுவத் தொடங்குங்கள். குழாய்த் தண்ணீரோ சலைனோ எது கையில் இருக்கிறதோ அதை 15 முதல் 20 நிமிடம் மெல்ல ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுண்ணாம்பு காரம் என்பதால் ஆழமாக அரித்துக்கொண்டே போகும். ஆஸ்பத்திரிக்கு வரும் அந்த அரை மணி நேரத்தில் கெடுவது, பிறகு என்ன மருந்து விட்டாலும் திரும்பாது.

காலையில் மூலையில் கொஞ்சம் பீளை, கண்ணைச் சுருக்கவில்லை, விளையாட்டு வழக்கம்போல என்றால் ஒருநாள் பார்க்கலாம்.

எங்கள் பக் நாயின் கண் வெளியே பிதுங்கிவிட்டது. உள்ளே தள்ளலாமா?

வேண்டாம். சுத்தமான துணியைச் சலைனில் நனைத்துக் கண்ணின் மேல் வைத்து, காயவிடாமல் ஈரமாக வைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். நாய் காலால் பிராண்டாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மயக்கம் கொடுத்து உள்ளே வைத்து இமையைத் தற்காலிகமாகத் தைப்போம். சில மணி நேரத்துக்குள் வந்தால் கண்ணையாவது காப்பாற்ற வாய்ப்பு உண்டு. பார்வை திரும்புமா என்பது வேறு கேள்வி.

2003இல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு பக் நாய் சிறுவன் பின்னாலேயே ஓடியது முதல் இங்கே தெருவுக்கு ஒரு பக் வந்துவிட்டது. ஷிட்ஸு, பெக்கினீஸ், லாசா, பாரசீகப் பூனை எல்லாம் அதே கூட்டம். மூக்கு சப்பை, கண்குழி ஆழமில்லை, கண் முக்கால்வாசி வெளியே நிற்கிறது. பெரிய நாய் கழுத்தைக் கவ்வி ஒரு உலுக்கு உலுக்கினாலே கண் வெளியே வந்துவிடும். தூங்கும்போது இமை முழுவதும் மூடாத பக் நாய்கள் ஏராளம்; நடு விழி காய்ந்து புண்ணாகிறது. இவற்றைப் பிடரியைப் பிடித்துத் தூக்காதீர்கள். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை போடுங்கள். வாங்கும் முன் என்னைக் கேட்டிருந்தால் வேறு நாய் வாங்கச் சொல்லியிருப்பேன். ஆனால் யாரும் வாங்கும் முன் கேட்பதில்லை.

வீட்டில் எல்லோருக்கும் மெட்ராஸ் ஐ. நாய்க்கும் கண் சிவந்திருக்கிறது. எங்களிடமிருந்து தொற்றியிருக்குமா?

இல்லை. மெட்ராஸ் ஐ மனித அடினோ வைரஸால் வருவது, அது நாய்க்குத் தொற்றாது. நாயிடமிருந்து உங்களுக்கும் வந்திருக்காது.

இந்தக் கேள்வியில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மனிதர்களுக்குக் கண் சிவந்தால் பெரும்பாலும் தொற்றுதான், தானாகவே ஆறிவிடும். அதே கணக்கை நாய்க்கும் போட்டுவிடுகிறோம். நாய்க்கு வெறும் தொற்றால் மட்டும் கண் சிவப்பது குறைவு. கண் வறட்சி, உள்ளே மடங்கிய இமை, கருவிழியில் புண், கண்ணுக்குள் அழற்சி, கண் நீர் அழுத்தம் என்று பின்னால் ஏதாவது ஒன்று இருக்கும். சிவப்பைப் பார்த்து மட்டும் இதில் எது என்று எனக்கும் தெரியாது. வாட்ஸப்பில் படம் அனுப்பிவிட்டு மருந்து கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

தாத்தாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது வாங்கிய சொட்டு மருந்து மிச்சம் இருக்கிறது. அதை விடலாமா?

கூடவே கூடாது. அந்தப் பாட்டிலில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். லேபிளில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன், லோட்டிபிரெட்னால் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். ஆன்டிபயாட்டிக் பெயருக்குப் பின்னால் 'டி' என்றோ 'டிஎக்ஸ்' என்றோ ஒட்டியிருந்தால் பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன் கலந்தது என்று அர்த்தம். கருவிழியில் புண் இருக்கும்போது ஸ்டீராய்டு விட்டால் புண் ஆறாது, கிருமி பெருகும், விழி கரையத் தொடங்கும். கொடுமை என்னவென்றால், முதல் நாள் சிவப்பு குறைந்து கண் தெளிந்ததுபோல் இருக்கும். "நல்லா ஆயிட்டு வந்துச்சு டாக்டர், திடீர்னு இப்படி ஆயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டு வருபவர்களின் பையில் இந்தப் பாட்டிலைத்தான் பார்க்கிறேன். நாய்களின் கண் பறிபோவதற்குத் தடுத்திருக்கக்கூடிய காரணங்களில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

இன்னும் மூன்றைச் சொல்லிவிடுகிறேன். மரக்க வைக்கும் சொட்டு மருந்து பரிசோதனைக்கு மட்டும்தான். தொடர்ந்து விட்டால் அதுவே புண்ணை ஆறவிடாது. திறந்து ஒரு மாதம் ஆன எந்தச் சொட்டு மருந்தையும் குப்பையில் போடுங்கள். வலிக்கிறதே என்று பாராசிட்டமால், இபுபுரூஃபன் கொடுக்காதீர்கள்; பூனைக்கு ஒரு பாராசிட்டமால் மாத்திரையே உயிருக்கு ஆபத்து.

சரி, எதுதான் விடலாம்? கண் கழுவ சலைன். கண் வறட்சிக்கு மனிதர்கள் விட்டுக்கொள்ளும் கார்பாக்ஸி மெத்தில் செல்லுலோஸ் சொட்டு. மருத்துவரிடம் போய்ச் சேரும்வரை இவை இரண்டும் தீங்கு செய்யாது. அவ்வளவே.

கண்ணில் பச்சையாக எதையோ விட்டுப் பார்க்கிறீர்களே, அது எதற்கு?

ஃப்ளூரசீன் என்ற சாயம். சின்னக் காகிதப் பட்டை, நுனியில் ஆரஞ்சு நிறம். ஒரு சொட்டு சலைனில் நனைத்துக் கீழிமைக்குள் தொட்டால் சாயம் கண் முழுக்கப் பரவும். பிறகு சலைனால் கழுவிவிட்டு, விளக்கை அணைத்து, நீல வெளிச்சம் அடித்துப் பார்ப்போம். கருவிழியின் மேல்தோல் முழுசாக இருந்தால் சாயம் ஒட்டாது, கழுவியதோடு போய்விடும். எங்கே தோல் உரிந்திருக்கிறதோ அங்கே மட்டும் பளிச்சென்று பச்சையாக நிற்கும். ஓரத்தில் கீறல், நடுவில் வட்டம், ஹெர்பிஸ் வைரஸ் வந்த பூனைக்குக் கிளைவிட்ட கோடு என்று புண்ணின் உருவமே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும். புண் கருவிழியின் கடைசிப் படலம்வரை இறங்கியிருந்தால், ஓரம் பச்சையாகவும் நடுப்பகுதி சாயம் ஏறாமல் கறுப்பாகவும் தெரியும். அது ஓட்டை விழப்போகிறது என்பதற்கு அடையாளம். அன்றைக்கே அறுவை சிகிச்சை.

கொஞ்ச நேரத்தில் மூக்கிலிருந்து பச்சைத் தண்ணீர் வரும். பயப்படாதீர்கள், கண்ணீர்க் குழாய் அடைப்பில்லாமல் இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

இந்தச் சோதனைக்குச் சில நிமிடம் போதும். இதைச் செய்யாமல் ஸ்டீராய்டு கலந்த மருந்தை யாராவது எழுதிக் கொடுத்தால், நானாகவே இருந்தாலும், "சாயம் போட்டுப் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள்.

கருவிழியில் புண் என்றார்கள். எத்தனை நாளில் ஆறும்?

நாயின் கருவிழி அரை மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன்தான். மேல்தோல் மட்டும் உரிந்த சாதாரணப் புண் ஐந்து முதல் ஏழு நாளில் ஆறிவிட வேண்டும். ஒரு வாரம் தாண்டியும் ஆறவில்லை என்றால் மருந்தை மாற்றுவதைவிடக் காரணத்தைத் தேடுவது முக்கியம்: இமைக்கு உள்பக்கம் முளைத்த முடி, கண்ணின் உள்மூலையில் இருக்கும் மூன்றாவது இமைக்குப் பின்னால் செருகிக்கொண்ட புல் விதை, கண் வறட்சி. காலி மனையில் ஓடிவிட்டு வரும் நாய்க்கு நாயுருவி விதை மாட்டிக்கொள்வது சகஜம். பாக்ஸர் நாய்களுக்கும் வயதான நாய்களுக்கும் புதுத்தோல் அடியில் ஒட்டாமலே நிற்கும் ஒருவகைப் புண் உண்டு. அதைப் பஞ்சுக் குச்சியால் சுரண்டிவிட்டால்தான் ஆறும்.

பயப்பட வேண்டியது கரையும் புண்ணுக்கு. சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் சேரும்போது விழியின் கொலாஜன் கொழகொழவென்று உருகி வழியும். காலையில் சின்னதாக இருந்தது ராத்திரிக்குள் ஓட்டையாகிவிடும். அப்போது மணிக்கொரு தரம் மருந்து விட வேண்டியிருக்கும். நாயின் ரத்தத்தையே எடுத்து, சீரத்தைப் பிரித்து, அதையே சொட்டு மருந்தாகக் கொடுப்போம். உருக்கும் நொதிகளை அது தடுக்கும். அதை ஃபிரிட்ஜில் வைத்திருந்து கண்ணில் விட வேண்டும். சொந்த ரத்தம் என்பதால் சிலர் தயங்குவார்கள், தயங்க எதுவும் இல்லை.

கழுத்தில் போடும் கூம்பைக் கழற்றாதீர்கள். "பாவமா இருக்கு" என்று ராத்திரி கழற்றிவிட்டு, காலையில் ஓட்டை விழுந்த கண்ணோடு வருகிறார்கள். கூம்போடு நாய் சாப்பிடும், தூங்கும், இரண்டே நாளில் பழகிவிடும்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு?

தாய்ப்பால் விடுவதால் உடனே கெடுதல் ஒன்றும் தெரியாது, ஆனால் புண்ணில் கிருமி வளர அது நல்ல தீனி. எண்ணெயும் தேனும் கண்ணை ஒட்ட வைத்து, எனக்கு உள்ளே எதுவும் தெரியாமல் செய்துவிடும். பூச்சாற்றில் மண்ணும் மகரந்தமும் இருக்கும். மஞ்சள் தண்ணீர் கண்ணைக் கரிக்கும், சாயமும் ஏற்றிவிடும். உப்பை மென்று மாட்டின் கண்ணில் துப்பும் பழக்கத்தை நாய்க்கும் செய்துவிட்டு வந்தவர்கள் உண்டு. எச்சிலில் இருக்கும் கிருமிகளைக் கேட்டால் நீங்களே வேண்டாம் என்பீர்கள். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துப் பீளையைத் துடைப்பது மட்டும் என் சம்மதத்தோடு செய்யக்கூடிய வீட்டு வைத்தியம்.

நாய்க்குட்டியின் கண் மூலையில் சிவப்பாக ஒரு உருண்டை தள்ளிக்கொண்டிருக்கிறது. வெட்டி எடுத்துவிடலாம் என்கிறார்களே?

வெட்டாதீர்கள். இதற்கு செர்ரி ஐ என்று பெயர், பார்க்கப் பழுத்த கோவைப்பழம் மாதிரியே இருக்கும். நாய்க்குக் கண்ணின் உள்மூலையில் மூன்றாவது இமை ஒன்று உண்டு. அதன் அடியில் இருக்கும் கண்ணீர்ச் சுரப்பி இடம் பெயர்ந்து வெளியே வந்திருக்கிறது. பீகிள், காக்கர் ஸ்பானியல், புல்டாக், லாசா வகைகளில், அதுவும் ஒரு வயதுக்குள், நிறையப் பார்க்கலாம்.

கண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை இந்தச் சுரப்பிதான் தருகிறது. முன்பெல்லாம் கத்தரித்து எடுத்துவிடுவது வழக்கமாக இருந்தது. ஐந்து நிமிட வேலை, செலவும் குறைவு, கண் உடனே அழகாகிவிடும். சில வருஷம் கழித்து அதே நாய் காய்ந்துபோன கண்ணோடு திரும்பி வரும். இப்போது சுரப்பியைப் பக்கத்திலேயே ஒரு பை தைத்து உள்ளே புதைத்துவிடுகிறோம். சில நாய்களுக்கு மறுபடி வெளியே வரலாம், மறுபடி தைக்க வேண்டியதுதான். ஒரு கண்ணில் வந்தால் மற்ற கண்ணிலும் வர வாய்ப்பு உண்டு.

எவ்வளவு துடைத்தாலும் கெட்டியான பீளை வருகிறது. மருந்து விட்டால் நிற்கிறது, நிறுத்தினால் மறுபடி வருகிறது. ஏன்?

இந்தக் கேள்வி வந்தாலே என் சந்தேகம் கண் வறட்சி மேல்தான். தண்ணீர் குறைந்த கண்ணில் சளியை அலச ஆளில்லை. அது கெட்டியாகி இழை இழையாக வரும். பார்க்கிறவர்களுக்குத் தொற்று மாதிரியே தெரியும். ஆன்டிபயாட்டிக் சொட்டு விட்டால் கொஞ்சம் குறையும். இப்படியே மூன்று, நான்கு பாட்டில் மாற்றியபின்தான் பலர் வருகிறார்கள். அதற்குள் கருவிழியின் பளபளப்பு போய், பழுப்பு நிறம் படர ஆரம்பித்திருக்கும். பக் நாய்க்கு அந்தப் பழுப்பு விழியையே மூடிவிடும்.

கண்டுபிடிப்பது எளிது. அளவு குறித்த காகிதப் பட்டையைக் கீழிமையில் ஒரு நிமிடம் செருகி வைத்து, எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்போம். நாய்க்கு 15க்கு மேல் இருந்தால் சரி. 10க்குக் கீழே சந்தேகம், 5க்குக் கீழே தீவிரம். வேறு எந்தச் சொட்டும் விடுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும்.

பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்பு சக்தியே கண்ணீர்ச் சுரப்பியைத் தாக்குவதால் வருகிறது. டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்து பிழைத்த குட்டிகளுக்கும், சல்ஃபா மருந்து நாள்பட எடுத்த நாய்களுக்கும் வரலாம். சைக்ளோஸ்போரின் மருந்து ஒரு நாளைக்கு இரண்டு வேளை. பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், இரண்டாம் வாரமே "வேலை செய்யலை" என்று நிறுத்திவிடாதீர்கள். பலன் தெரிந்த பிறகும் நிறுத்தக் கூடாது, பெரும்பாலான நாய்களுக்கு ஆயுள் முழுக்க விட வேண்டியிருக்கும். முதல் நாளே இதைச் சொல்லிவிடுகிறேன், சிலருக்கு முகம் வாடும்.

நாய்க்குக் கண்ணில் பூ விழுந்துவிட்டது. ஆபரேஷன் செய்தால் சரியாகுமா?

எந்த இடத்தில் வெள்ளை என்பதைப் பொறுத்தது. வெளிப்பக்கக் கருவிழியில் வெள்ளை என்றால் பழைய புண்ணின் தழும்பாகவோ வீக்கமாகவோ இருக்கும். அதற்குப் புரை ஆபரேஷன் பயன்படாது. பாப்பாவுக்கு (கண்ணின் நடுவில் தெரியும் கறுப்பு வட்டம்) உள்ளே, ஏழு வயதுக்கு மேல், இரண்டு கண்ணிலும் சமமாக நீலச் சாம்பல் மங்கல் என்றால் அது வயதானதால் லென்ஸ் இறுகியது. நாய் அதோடு நன்றாகவே பார்க்கும். எதுவும் செய்ய வேண்டாம். நான் பார்ப்பதில் பெரும்பாலும் இதுதான், சிரித்துக்கொண்டே அனுப்பிவைப்பேன். பாப்பாவுக்குள் பால்வெள்ளையாக, வெளிச்சம் அடித்தால் உள்ளே எதுவும் தெரியாமல் இருந்தால்தான் புரை.

புரைக்குச் சொட்டு மருந்தே கிடையாது. கரைத்துவிடும் என்று விற்கப்படுவதை வாங்கிப் பணத்தைக் கரைக்காதீர்கள். மனிதர்களுக்குச் செய்வதுபோல ஃபேகோ முறையில் லென்ஸை உடைத்து உறிஞ்சி எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்கலாம். மனிதக் கண்ணுக்குச் சுமார் 20 டயாப்டர் (லென்ஸின் சக்தியை அளக்கும் அலகு) லென்ஸ் போதும், நாய்க்கு 41 டயாப்டர் வேண்டும். அதனால் மனிதர்களுக்கு உள்ளதை எடுத்து வைக்க முடியாது. அறுவைக்கு முன் விழித்திரை உயிரோடு இருக்கிறதா என்று மின்பதிவு எடுத்துப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் லென்ஸை மாற்றியும் இருட்டுதான். பிறகு மாதக்கணக்கில் சொட்டு மருந்து விட உங்களுக்குப் பொறுமை வேண்டும். கடிக்கும் நாய், ஊரில் இல்லாத வீட்டுக்காரர் என்றால் நானே வேண்டாம் என்பேன்.

நாய்க்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தால் அன்றே கண்ணையும் காட்டுங்கள். சர்க்கரை வந்த நாய்களில் முக்கால்வாசிக்கு ஒரு வருஷத்துக்குள் புரை விழுந்ததாக ஆய்வு உண்டு. சில நாட்களிலேயே முழுக் கண்ணும் வெளுத்துவிடும். பூனைக்கு அப்படி ஆவதில்லை.

உண்ணிக் காய்ச்சலுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

நம் ஊரில் ரொம்பவே சம்பந்தம் உண்டு. உண்ணி கடித்துப் பரவும் எர்லிக்கியா கிருமி ரத்தக் குழாய்களைத் தாக்குவதால் கண்ணுக்குள் அழற்சியும் விழித்திரையில் ரத்தக் கசிவும் வரும். கண்ணில் ரத்தம் தெரிந்து வரும் நாய்க்கு அடிபட்டிருக்கிறதா என்று கேட்பதோடு, தட்டணுக்கள் எண்ணிக்கையையும் பார்ப்பேன். நான்கு வாரம் டாக்ஸிசைக்ளின் கொடுக்க வேண்டும். கண்ணுக்கு மட்டும் வைத்தியம் பார்த்து அனுப்பினால் பத்து நாளில் திரும்பி வரும்.

இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் நீலமாக மங்கி, விட்டு விட்டுக் காய்ச்சல், முகமோ காலோ வீக்கம் என்றால் ட்ரிப்பனோசோமா என்ற ரத்த ஒட்டுண்ணி பற்றி யோசிக்க வேண்டும். மாட்டைக் கடிக்கும் பெரிய ஈக்கள் பரப்புவது. மாட்டுத் தொழுவம் பக்கத்தில் இருக்கும் நாய்களுக்கும், பச்சை இறைச்சி தின்னும் நாய்களுக்கும் வரும். ஒரு சொட்டு ரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்தால் துள்ளிக்கொண்டு ஓடும் கிருமியைக் கண்ணாலேயே பார்க்கலாம். சரியான ஊசி போட்டால் நீலம் மெல்ல வடிந்துவிடும்; வெறும் கண் சொட்டு ஒன்றும் செய்யாது.

தெருவில் எடுத்த பூனைக்குட்டிக்குக் கண் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரித்துவிடலாமா?

பிறந்து பத்து நாள் ஆகாத குட்டியென்றால் கண் திறக்கும் வயதே வரவில்லை, விட்டுவிடுங்கள். ஆனால் மூடிய இமை வீங்கிப் புடைத்திருந்தால் உள்ளே சீழ் இருக்கிறது, அதை உடனே திறந்துவிட வேண்டும். அதை நாங்கள் செய்கிறோம். ஏற்கெனவே திறந்து, பிறகு பீளையால் ஒட்டிக்கொண்ட கண்ணை வெதுவெதுப்பான ஈரப் பஞ்சை ஒரு நிமிடம் வைத்து ஊறவிட்டு மெல்லத் துடையுங்கள், பிய்க்காதீர்கள்.

தும்மலும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் பூனை ஹெர்பிஸ் வைரஸ், சில நேரம் கிளமிடியா என்ற பாக்டீரியா. ஹெர்பிஸ் ஒருமுறை வந்தால் நரம்பில் பதுங்கிக்கொள்ளும். வீடு மாறினால், புதுப் பூனை வந்தால், தீபாவளி வெடிச் சத்தத்தில், மறுபடி தலைதூக்கும். தீவிரமானால் ஃபாம்சிக்ளோவிர் கொடுக்கிறோம். லைசின் பொடியால் பலன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இந்த வைரஸ் மனிதருக்கு வராது. கிளமிடியா அபூர்வமாக வரலாம், மருந்து விட்டபின் கையைக் கழுவுங்கள். குட்டிக்கு ஸ்டீராய்டு சொட்டு விட்டால் என்ன ஆகும் என்பதை மறுபடி எழுத வேண்டியதில்லை.

எங்கள் பூனை தயிர்சாதம்தான் சாப்பிடும். கண்ணுக்கு அது ஆகாதா?

ஆகாது. டாரின் என்ற சத்து பூனையின் உடம்பில் போதுமான அளவு உற்பத்தியாவதில்லை, கறி மீனிலிருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் விழித்திரை மெல்ல அழிந்துபோகும் என்று 1975இலேயே கண்டுபிடித்தார்கள்; இதயத் தசையும் தளர்ந்துபோகும் என்பது 1987இல் தெரியவந்தது. விழித்திரையில் அழிந்தது திரும்பாது. சோற்றில் டாரின் இல்லை, பாலிலும் தயிரிலும் போதுமான அளவு இல்லை. நாய்த் தீனியும் பூனைக்குப் போதாது, நாய் தானே தயாரித்துக்கொள்ளும் என்பதால் அதில் கணக்காகச் சேர்ப்பதில்லை.

சைவ வீடு என்றால் ஒருவேளையாவது பாக்கெட் பூனைத் தீனி வையுங்கள், அதில் டாரின் சேர்த்திருப்பார்கள். மீன், கோழி வேகவைத்துக் கொடுப்பவர்கள் வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். டாரின் அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும். வீட்டில் சைவம் சாப்பிட்டு, எலியும் பல்லியும் பிடிக்கும் பூனை தப்பித்துக்கொள்ளும். அபார்ட்மெண்ட்டில் அடைந்து கிடக்கும் பூனைக்குத்தான் கஷ்டம்.

பன்னிரண்டு வயதுப் பூனை ஒரே ராத்திரியில் குருடாகிவிட்டது.

பாப்பா இரண்டும் அகன்று கறுப்பாக, வெளிச்சம் அடித்தாலும் சுருங்காமல் இருக்கிறதா? முதலில் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். வயதான பூனைக்குச் சிறுநீரகக் கோளாறாலோ தைராய்டாலோ பிரஷர் ஏறி, விழித்திரை பிய்ந்து விழுந்திருக்கும். 160க்கு மேல் என்றாலே அதிகம். மனிதர்கள் சாப்பிடும் அம்லோடிபின்தான் இதற்கும் மருந்து, அளவு மட்டும் வேறு. இரண்டொரு நாளுக்குள் தொடங்கினால் விழித்திரை மறுபடி ஒட்டிக்கொண்டு ஓரளவு பார்வை திரும்பும் பூனைகள் உண்டு. வாரம் கழித்து வந்தால் பிரஷரைத்தான் சரிசெய்ய முடியும்.

சொட்டு மருந்து விடப் போனாலே ஓடிவிடுகிறது. எப்படி விடுவது?

முன்னால் நின்று விடுவதால்தான் ஓடுகிறது. நாயை மூலையில் சுவரை ஒட்டி உட்காரவைத்து, நீங்கள் அதன் பின்னால் மண்டியிடுங்கள். இடதுகையால் தாடையை உயர்த்திப் பிடித்து, வலதுகையை நெற்றியில் ஊன்றி, அதே கையின் விரலால் மேலிமையைத் தூக்குங்கள். பாட்டில் தலைக்குப் பின்னாலிருந்து வர வேண்டும், நாயின் கண்ணுக்குத் தெரியக் கூடாது. கை நெற்றியில் ஊன்றியிருப்பதால் நாய் தலையை ஆட்டினாலும் கையும் சேர்ந்து ஆடும், நுனி கண்ணைக் குத்தாது. ஒரு சொட்டு போதும். அதற்கு மேல் கண்ணில் இடமில்லை, வழிந்துவிடும். இரண்டு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிடம் விடுங்கள். சொட்டு முதலில், களிம்பு கடைசியில். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பொத்தி வைத்துவிட்டு விடுங்கள். முடிந்த கையோடு ஒரு பிஸ்கட்.

பூனையைத் துண்டில் சுற்றி, தலை மட்டும் வெளியே. அட்ரோபின் விட்டபின் பூனை நுரை தள்ளினால் விஷம் ஏறிவிட்டது என்று பயந்து ஓடி வராதீர்கள், மருந்தின் கசப்பு தொண்டைக்கு இறங்கியிருக்கிறது. அதே மருந்தால் பாப்பா சில நாள் அகன்றே இருக்கும், அதுவும் சாதாரணம்.

வெள்ளைப் பொமரேனியனுக்குக் கண்ணுக்குக் கீழே சிவப்புக் கோடு. போகவே மாட்டேன் என்கிறது.

கண்ணீரில் உள்ள போர்ஃபிரின் நிறமி. அழுக்கும் இல்லை, நோயும் இல்லை. முடியை வெட்டி, தினமும் ஈரத்துணியால் துடைத்துக் காயவையுங்கள். இதற்காக ஆன்டிபயாட்டிக் பொடி கொடுக்கச் சொன்னால் கேட்காதீர்கள். திடீரென்று ஒரு கண்ணில் மட்டும் நீர் கூடினால் காட்டுங்கள்.

கண் நீர் அழுத்தம் என்று சொல்லிக் கண்ணையே எடுக்கச் சொல்கிறார்கள். மனசு வரவில்லை.

நாயின் கண் அழுத்தம் சுமார் 10 முதல் 25 மில்லிமீட்டர் பாதரசம்வரை இருக்கும். அது இரண்டு மடங்காக ஏறினால் ஓரிரு நாளிலேயே பார்வை நரம்பு செத்துவிடும். முதல் நாள் வந்தால் லட்டனோபிராஸ்ட், டார்ஸோலமைட் சொட்டுகளால் இறக்கிப் பார்க்கலாம். கண் பெருத்து, பார்வை போன பிறகு மருந்து பார்வைக்காக அல்ல, வலிக்காக. அந்த வலியும் பல நேரம் மருந்துக்கு அடங்குவதில்லை. விடாத தலைவலியோடு இருக்கும் நாய் "வயசாயிடுச்சு, சும்மா படுத்துக் கிடக்கு" என்றுதான் வீட்டாருக்குத் தெரியும். கண்ணை எடுத்த பத்தாம் நாள் தையல் பிரிக்க வரும்போது, "டாக்டர், மறுபடி பந்து எடுக்குது" என்பார்கள். எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள். பரம்பரையாக வரும் வகை என்றால் நல்ல கண்ணுக்கும் இப்போதே தடுப்புச் சொட்டு தொடங்க வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு கண்ணும் போன நாய் வீட்டை மோப்பத்திலும் காலடிக் கணக்கிலும் தெரிந்துவைத்திருக்கும். சோபாவையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் இடம் மாற்றாதீர்கள். மாடிப்படிக்குத் தடுப்பு, சம்ப் தொட்டிக்கும் கிணற்றுக்கும் மூடி. தூங்கும்போது தொடுவதற்கு முன் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

முயலுக்கு ஒரு கண்ணில் பாலாக வடிகிறது.

வாயைக் காட்டுங்கள். முயலின் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். மேல்பல்லின் வேர் கண்ணீர்க் குழாயை அழுத்தினால் குழாய் அடைத்துச் சீழ் கண் வழியாக வரும். குழாயைக் கழுவிவிட்டாலும், புல்லும் வைக்கோலும் கடிக்கக் கொடுக்காமல் வெறும் பாக்கெட் தீனியே போட்டால் திரும்ப வரும். கூண்டில் மூத்திர நெடி அடித்தால் அதனாலும் கண் எரியும்.

கண்ணுக்கென்றே பார்க்கும் இடம் எங்கே இருக்கிறது? வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

சென்னை வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியில் கண் சிகிச்சைப் பிரிவு உண்டு, புரை அறுவையும் நடக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரிகளிலும் ஆஸ்பத்திரி இருக்கிறது. தூரம் என்றால் முதலில் பக்கத்து மருத்துவரிடம் சாயம் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், ஒரு கரையும் புண் ராத்திரிப் பேருந்துப் பயணத்துக்குள் ஓட்டையாகிவிடலாம்.

இதுவரை விட்ட எல்லாப் பாட்டிலையும், காலியானதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். பாட்டிலின் நிறத்தைச் சொல்லி மருந்தைக் கண்டுபிடிக்க முடியாது. கிளம்பும் முன் கண்ணைத் துடைக்காதீர்கள். பீளையின் நிறமும் கெட்டியும் எனக்குத் தெரிய வேண்டும், கிருமிப் பரிசோதனைக்கும் அதைத்தான் எடுப்பேன். ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்துக் கூட்டிவருவதாக இருந்தால், காற்றும் மணலும் அதே கண்ணில்தான் அடிக்கும். ஆட்டோவில் வந்துவிடுங்கள்.